முதனூலும் வழிநூலும்: ஒரு மோட்டார் நிகழ்ச்சியின் மறுவரவும் காண்போர் தீர்ப்பும்

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். முதனூலின் கருத்தோடு உடன்பட்டு, வேண்டுமிடத்து வேறுபாடுகளையுஞ் சேர்த்துச் செய்யப்படுவது வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. இப்பாகுபாடு ஏட்டில் எழுதப்படும் நூல்களை நோக்கி எழுந்ததேயாயினும், ஏனைய ஆக்கங்களை ஆராயுமிடத்தும் பெரிதும் பயன்படுவதாகும். ஓர் ஆக்கத்தைச் செய்தோர் அதனை விட்டு நீங்கி, வேறோரிடத்தில் வேறொரு பெயருடன் அதனையே மீண்டுஞ் செய்தால் அதனை எவ்வாறு கொள்வது? பழைய பெயரை வைத்துக்கொண்டு புதியோர் செய்வதை எவ்வாறு கொள்வது? 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தொலைக்காட்சியுலகில் இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுந்தன. அவற்றுக்குக் காண்போர் அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ரொப் கியர்’ என்னும் நிகழ்ச்சியை பி.பி.சி. நிறுவனம் 1977இல் தொடங்கியது. மோட்டார் வாங்க விரும்புவோருக்குப் பயன்படுஞ் செய்திகளைக் கூறுவதாகவே அது நெடுங்காலம் விளங்கிற்று. 2001இல் அது நிறுத்தப்பட, ஜெரமி கிளாக்சன் என்பாரும் தயாரிப்பாளர் அன்டி வில்மன் என்பாரும் அதற்குப் புதிய வடிவம் வகுத்து, 2002இல் மீண்டுந் தொடங்கினர். ரிச்சட் ஹமண்ட் அப்பொழுதே உடன் சேர்ந்தார். ஜேம்ஸ் மே அடுத்த ஆண்டிற் சேர்ந்தார். பழைய விமானத் தளமொன்றில் அமைந்த ஓட்டப்பாதை, தலைக்கவசத்துள் முகம் மறைத்து ஒரு சொல்லும் பேசாத ‘ஸ்ரிக்’ என்னுஞ் சாரதி, மலிவான காரொன்றை ஓட்டிக் காட்டும் புகழ்பெற்ற விருந்தினர், தொலைநாடுகளுக்குச் செய்த பயணங்கள் என்பன இதன் உறுப்புகளாயின. மோட்டார்ப் பொறியைப் பற்றி யாதும் அறியாதவரும் ஞாயிறு மாலைகளில் இதன் முன் அமர்ந்தனர்.

இந்நிலை 2015 மார்ச்சில் முறிந்தது. படப்பிடிப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பிய கிளாக்சன், சூடான உணவு கிடைக்காமை பற்றித் தம் குழுவைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஒருவரை ஏசி அடித்தார். அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாதென அம்மாதம் 25ஆந் திகதி பி.பி.சி. அறிவித்தது. ஏனைய இருவரும் வில்மனும் அவருடன் சென்றனர். ஜூலையில் அமேசன் நிறுவனம் அவர்களைத் தன் இணையவழிச் சேவைக்கு அமர்த்திக்கொண்டது. பெயரும் ஓட்டப்பாதையும் ஸ்ரிக்கும் பழைய வீட்டிலே நின்றன. மனிதர் மட்டும் புதுவீடு புகுந்தனர். ஓர் ஆக்கத்தின் உயிர் அதன் உறுப்புகளில் உள்ளதா, அன்றி வேறெங்கேனும் உள்ளதா என்பதை ஆராய இதனினும் தக்க வாய்ப்பு எளிதிற் கிட்டாது.

பெயரைப் பெற்ற வாரிசின் நிலையை முதற்கண் நோக்குவாம். கிறிஸ் எவன்ஸ் முதலியோருடன் புதிய ‘ரொப் கியர்’ 2016 மே 29ஆந் திகதி தோன்றியது. ஓட்டப்பாதையும் ஸ்ரிக்கும் விருந்தினரும் குறைவின்றி இருந்தனர். எனினும் அன்றிரவுக் கணக்கின்படி 44 இலட்சமாக இருந்த பார்வையாளர் தொகை, அத்தொடரின் இறுதியில் 19 இலட்சமாகச் சுருங்கியது. ஜூலை 4ஆந் திகதி எவன்ஸ் விலகினார். உறுப்புகள் அனைத்தும் அமைந்தும் உயிர் அமையவில்லை என்பதே காண்போர் கூறிய தீர்ப்பு.

மனிதரைப் பெற்ற வாரிசு ‘த கிராண்ட் ரூர்’ என்னும் பெயருடன் 2016 நவம்பர் 18ஆந் திகதி வெளிவந்தது. மழை தூறும் இலண்டனை விட்டுத் தனியே புறப்படும் கிளாக்சன், கலிபோர்னியப் பாலைநிலத்தில் மற்றை இருவரையுங் கண்டு கைகுலுக்குவதாக முதற் காட்சி அமைந்தது. சொல்லின்றியே பிரிவையும் கூடலையும் உணர்த்திய அக்காட்சியைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்தோர் பலர். பழைய நண்பர் வீடு திரும்பினர் என்றே அவர்கள் உணர்ந்தனர்.

ஆயின் அம்மகிழ்ச்சி கலங்க நெடுநாள் செல்லவில்லை. இரண்டாம் வாரத்தில், யோர்தானிலுள்ள படைப்பயிற்சி நிலையமொன்றில் மூவரும் படைவீரராய் நடித்த காட்சி மிக நீண்டது. முன்னரே எழுதி நடித்தது என்பதும் வெளிப்படையாயிற்று. விருந்தினர் பகுதியில், வருவதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் கூடாரத்தை அடையுமுன் ‘இறந்துபோவர்’. முதல்வாரத்தில் நகைத்தோர், வாரந்தோறும் அதுவே வரக்கண்டு சலித்தனர். ஸ்ரிக்குக்கு ஈடாக வந்த ‘அமெரிக்கன்’ என்னுஞ் சாரதி, தம் நாட்டு மோட்டாரல்லாத யாவற்றையும் பழிப்பதையே தொழிலாகக் கொண்டமையால் வெறுப்பை விளைவித்தார்.

இக்குறைகள் ஒரு மூலத்தினின்றே தோன்றின. பழைய உறுப்புகளைச் சட்டத்துக்கு அஞ்சிப் பயன்படுத்த இயலாமலும், அவற்றை மறக்க மனமில்லாமலும், அவற்றின் நிழல்களைச் செய்து வைத்தனர் ஆக்கியோர். விருந்தினர் பகுதி இல்லை என்பதையே ஒரு பகுதியாக்கினர். இது வழிநூல் செய்வோர் பலர்க்கும் நேரும் இடர். முதனூலின் பொருளை உட்கொள்ளாது அதன் அதிகார வைப்பை மட்டும் பின்பற்றும்போது, வேறுபாடு என்பது வெறும் பெயர் மாற்றமாகவே முடிகின்றது.

எனின், முதனூலின் பொருள் யாது? நகை பிறக்கும் நிலைக்களங்களைத் தொல்காப்பியர் நான்காகக் கூறுவர். பிறரை எள்ளுதல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. இம்மூவரிடத்தும் இவ்விருவகை நகையும் உண்டு. 2007இல் ஒளிபரப்பான பொற்சுவானாப் பயணத்தில், ஹமண்ட் தாம் வாங்கிய பழைய ஓப்பல் காருக்கு ‘ஒலிவர்’ எனப் பெயரிட்டு அதன்மேற் பற்றுக்கொண்டார், ஆற்றைக் கடக்கையில் அது நீரில் மூழ்க, அவர் பட்ட பாட்டைக் கண்டு நாம் நகைக்கின்றோம், உடனிரங்கவுஞ் செய்கின்றோம். இது பேதைமை பற்றிப் பிறந்த நகை. 2014இல் வந்த பர்மாப் பயணத்திலோ ஆசிய மக்களை இழிக்குஞ் சொல்லொன்று நகைச்சுவை என்னும் பெயரால் இடம்பெற்றது. அது விதிமீறலென ஒளிபரப்புக் கண்காணிப்பு நிறுவனமான ஒவ்கொம் அவ்வாண்டே தீர்த்தது. இது எள்ளல் பற்றிய நகை; அதிலும் வலியோர் எளியோரை எள்ளும் நகை. முன்னையது மூவரையும் நமக்கு அண்மையராக்கிற்று. பின்னையது அவர்களை நம்மினின்றும் விலக்கிற்று.

‘த கிராண்ட் ரூர்’ தொடரில் காண்போர் பெரிதும் பாராட்டியவற்றை நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். சிறு கடற்கரை வண்டிகளில் நமீபியாவைக் கடந்த பயணமும், மொங்கோலியப் பெருவெளியில் துண்டு துண்டாகக் கிடைத்த வண்டியொன்றைத் தாமே பூட்டி, ‘ஜோன்’ எனப் பெயரிட்டு, உணவுக்கும் நீருக்கும் இடர்ப்பட்டுச் சென்ற பயணமும் அத்தகையன. ஆண்டு முதிர்ந்த மூவர், ஒருவரையொருவர் நன்கறிந்தவர், ஒருவர் குறையை மற்றவர் நகைத்தும் பொறுத்தும் வழிநடக்கும் நட்பே முதனூலின் பொருள். மோட்டார் அந்நட்புக்கு அமைந்த களம்.

ஆக்கியோர் இத்தீர்ப்பைச் செவிமடுத்தனர் என்பது போற்றத்தக்கது. 2017 டிசம்பரில் தொடங்கிய இரண்டாந் தொடரில் அமெரிக்கனும் இல்லை, விருந்தினரின் போலி மரணமும் இல்லை. நாடுதோறும் சென்ற கூடாரம் இங்கிலாந்தின் கொற்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் நிலைகொண்டது. 2019 ஏப்பிரலில் கூடாரத்தையுங் கைவிடுவதாக அறிவிக்கையில் கிளாக்சன் குரல் தழுதழுத்தது. அதன்பின் பயணங்கள் மட்டுமே எஞ்சின. 2024 செப்ரெம்பர் 13ஆந் திகதி வெளியான இறுதிப் பயணம் சிம்பாப்வேயிலிருந்து சென்று, முன்னர் அவர்கள் பொற்சுவானாவிற் கண்ட குபுத் தீவிலேயே முடிந்தது. உறுப்புகளை ஒவ்வொன்றாக உதிர்த்தபின் வழிநூல் முதனூலின் பொருளை வந்தடைந்தது.

காண்போர் மனிதர் மீதுள்ள பழக்கத்தினாலன்றோ இவ்வாறு கூறினர் என வினவலாம். அன்று. 2019இல் பழைய ‘ரொப் கியர்’ கிறிஸ் ஹரிஸ், பாடி மக்கின்னஸ், பிரெடி பிளின்ரொவ் என்னும் மூவரிடஞ் சென்றபோது, அவர்களிடையே தோன்றிய தோழமையைக் கண்டு காண்போர் அதனையும் விரும்பினர். 2022 டிசம்பரில் படப்பிடிப்பின்போது பிளின்ரொவ் கடுங்காயமுற்றார். அதன்பின் அந்நிகழ்ச்சியை நிறுத்திவைப்பதாக 2023 நவம்பரில் பி.பி.சி. அறிவித்தது. எனவே, காண்போர் தேடியது குறித்த மூன்று முகங்களையன்று. மூவரிடையே நிலவும் ஓர் உறவையே எனத் துணியலாம்.

இதுகாறும் காண்போரின் தீர்ப்பைப் போற்றினோம். அவர்களே அளித்த மற்றொரு தீர்ப்பையும் நோக்காது முடிப்பின் திறனாய்வு நடுநிலை பிறழ்ந்ததாகும். 2015 மார்ச்சில், கிளாக்சனை மீண்டும் அமர்த்துமாறு வேண்டிய விண்ணப்பத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதனைப் பீரங்கி பூட்டிய கவசவண்டியில் ஏற்றிச் சென்று பி.பி.சி. வாயிலிற் கொடுத்தனர். தாக்குதல் ஏறத்தாழ 30 வினாடி நீடித்ததென விசாரணை கண்டது. அடிபட்டவர் வைத்தியசாலைக்குச் சென்றார். அவர்மேல் வசைமாரி பொழிந்தனர் அன்பர் சிலர். அவர்மீது குற்றமில்லை, அவரை விட்டுவிடுங்கள் என அடித்தவரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2016 பெப்ரவரியில் கிளாக்சன் மன்னிப்புக் கேட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

ஆக்கம் வேறு, ஆக்கியோன் வேறு என்று கூறி இதனை ஒதுக்கிவிடலாமா? ஆக்கம் எழுந்து ஆசிரியன் மறைந்த பின்னர் அவ்வாறு கூறுதல் ஒருவாறு பொருந்தும். ஈண்டோ, பணியிடத்தில் ஒருவன் தன் கீழுள்ளவனை அடித்தான்; அடிபட்டவனும் அவ்வாக்கத்தைச் செய்தோருள் ஒருவன். முகம் தோன்றுபவன் பொருட்டு முகம் தோன்றாதவன் பொறுத்துக்கொள்க என்பதே அவ்விண்ணப்பத்தின் உட்பொருள். பத்து இலட்சம் பேருந் தீய நெஞ்சினரல்லர். தாம் விரும்பிய ஞாயிறு மாலையை இழக்க அஞ்சியவர். ஆயினும் அவ்வச்சம் அவர் கண்ணை மறைத்தது. நம் கல்லூரிகளிலும் துடுப்பாட்டத்தில் வல்ல மாணவன் இளையோனை அடித்தால், போட்டி முடியட்டும் என்று வாளாவிருக்கும் ஆசிரியர் இலரோ?

கவசவண்டியின் பின்சென்றோருள்ளும் ஈராண்டு கழியுமுன் போலி மரணங்களைக் கண்டு சலித்துக் குறைகூறியோர் இருந்திருப்பர். கலையின் குறையைக் காணும்போது அன்பு அவர்க்குத் துணையாயிற்று. விரும்பியதனாலன்றோ குறை அவரை உறுத்திற்று. மனிதனின் குறையைக் காணும்போது அதே அன்பு திரையாயிற்று. பட்டம் பெறுவதற்குரிய பாடமாகத் திறனாய்வைக் கற்பிக்கும் நாம், நூலின் குற்றங் காணும் பயிற்சியை மாணவர்க்கு நன்கு அளிக்கின்றோம். தாம் விரும்புவோரின் குற்றத்தைக் காணவும், காட்சியிற் பெயர் தோன்றாத ஒருவனின் நோவை எண்ணவும் அவர்களைப் பழக்குகின்றோமா என்பது நாம் நம்மையே கேட்கவேண்டிய வினாவாகும்.