நட்பும் நீதியும்: ஃபூகார்டின் ஒரு நாடகம்

வெவ்வேறு இனத்து வாலிபர் நண்பராய்ப் பழகினால் இன ஏற்றத்தாழ்வு அவர்களுக்குத் தானே விளங்கிவிடும் என்று நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அத்தோல் ஃபூகார்டின் ‘மாஸ்டர் ஹாரல்டும் பையன்களும்’ (1982) இந்நம்பிக்கையைச் சோதிக்கிறது.

கதை 1950-இல் போர்ட் எலிசபெத் நகரத்துத் தேநீர் விடுதியொன்றில் நிகழ்கிறது. உரிமையாளரின் மகன் ஹாலி பதினேழு வயது வெள்ளையன். சாம், வில்லி இருவரும் அங்கே பணிபுரியும் கறுப்பர். தலைப்பு ‘பையன்கள்’ என்பது நாற்பது வயதைக் கடந்த இவர்களையே. குடிகாரத் தந்தையால் நாணித் தலைகுனிந்த சிறுவன் ஹாலியை நிமிர்ந்து பார்க்கச் செய்யவே முன்பொருநாள் சாம் பட்டம் ஒன்று செய்து பறக்கவிட்டார். பின்பு அதன் கயிற்றைப் பூங்கா பெஞ்சில் கட்டிவிட்டு அகன்றார். அது வெள்ளையர் மட்டுமே அமரும் பெஞ்சு என்பதை ஹாலி கவனிக்கவில்லை. தந்தை வீடு திரும்பும் செய்தியால் நிலைகுலைந்து, தன்னைக் கண்டித்த சாமின் முகத்தில் உமிழ்ந்த பின்னரே அவ்வுண்மையைக் கேட்கிறான்.

நாடகத்தின் வன்மை இங்கேயே உள்ளது. அந்நட்பு மெய்யானது, ஆயினும் அதற்குள்ளேயே ஹாலி பெஞ்சின் பொருளறியாமல் வளர்ந்தான். சமநிலையும் பொதுநோக்கமும் உள்ள பழக்கமே தப்பெண்ணத்தைக் குறைக்க வல்லது என்று உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, இனங்களிடைப் பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைப்பதாகக் காட்டினர். ஆனால் தப்பெண்ணம் குறைவது வேறு. அநீதியைக் காண்பது வேறு. ஹாலி சாமை நேசித்தான். சாம் அமர முடியாத இடத்தைக் காணவில்லை.

குறையும் உண்டு. கற்பிக்கும் பாரம் முழுவதும் அவமதிக்கப்பட்டவர் மேலேயே சுமத்தப்படுகிறது. சாமின் சினம் ஒரு கணம் எழுந்து அடங்கிவிடுகிறது. ஒடுக்கப்பட்டோரின் பொறுமையைப் புகழ்ந்தே பழகிய திருச்சபையார் இதனை எளிதில் புண்ணியமாக்கிவிடுவர்.

பெஞ்சை விட்டு எழுந்துவர ஹாலியால் எப்போதும் கூடும் என்கிறார் சாம். எழுந்தானா என்பதை நாடகம் கூறவில்லை. வாலிபர் ஒரே பந்தியில் உண்பது கண்டு போதகர் மனநிறைவடையலாகாது. தன் நண்பன் எங்கே அமர முடியாது என்று கேட்டறியவும், கேட்டபின் எழுந்துவரவும் கற்பிப்பதே நடுச்சுவரைத் தகர்த்தவரின் ஊழியத்திற்கு ஏற்றது.