'வட்டை அழி' என்றால் எந்த வட்டு?

பள்ளி விடுமுறையில் படிவம் 4 மாணவி ஒருத்தி அழைத்தாள். "டீச்சர், லினக்ஸ் வந்துருச்சு. ஆனா என் பைல் எல்லாம் காணோம்."

அவள் வீட்டுக் கணினி பழசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டி.பி.எம் 2.0 இல்லாத அந்தக் கணினி விண்டோஸ் 11-க்கும் தகுதி பெறவில்லை. 4 ஜிபி ரேம் இருக்கிறதே, லினக்ஸ் மின்ட் போட்டுப் பார் என்று சொன்னது நான்தான். புலனக் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பக்கத் தமிழ் வழிகாட்டியை அனுப்பி வைத்ததும் நானே.

விபத்துக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை ஒரு வாசகராக உட்கார்ந்து படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. எந்தப் பென் டிரைவ் போதும், கணினியைத் திறக்கும்போது எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருக்கிறது. சிக்கல் ஒரே வரியில்: "வட்டை அழித்து நிறுவுதல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்து என்பதைச் சொடுக்கவும்."

மாணவி 'வட்டு' என்பதைத் தான் செருகியிருந்த பென் டிரைவ் என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன்புவரை அந்தப் பக்கம் பேசியதெல்லாம் பென் டிரைவைப் பற்றித்தான். திடீரென்று 'வட்டு' வருகிறது. எந்த வட்டு என்று காட்ட ஓர் அடைமொழிகூட இல்லை. 'அழி' என்பதும் வகுப்பறைக் காதுக்குப் பயம் தராத சொல். அழிப்பானால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறோமே!

அதே இடத்தில் நிறுவியின் ஆங்கிலத் திரை என்ன செய்கிறது பாருங்கள். அழிக்கும் தெரிவின் கீழே ஓர் எச்சரிக்கை: உங்கள் நிரல்கள், ஆவணங்கள், படங்கள், இசை, மற்ற எல்லாக் கோப்புகளும் போய்விடும். இழக்கப்போவதைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. தமிழ் வழிகாட்டியோ எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் செயல்முறைக் கட்டுரைகளிலும் இதே குறையைத்தான் பார்க்கிறேன். ஏவல் வினைகள் வரிசையாக நிற்கும், விளைவு இருக்காது.

இன்னொரு சொல், 'பகிர்வு'. ஹார்ட் டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதற்கு லினக்ஸ் தமிழாக்கங்களில் இந்தச் சொல் வருவதுண்டு. புலனத்தில் படம் 'பகிரும்' பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்? 'பிரிவு' என்றே எழுதலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

விசைப்பலகை விஷயத்திலும் அவசரம் தெரிகிறது. தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடு என்கிறார்கள். பயனர் பெயரை ரோமன் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும், ஆகவே அந்தக் கட்டத்தில் ஆங்கில விசைப்பலகையே நல்லது. நிறுவி முடித்தபின் ஐபஸ், எம்17என் தொகுப்புகளைச் சேர்த்தால் தமிழ்99-உம் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். அஞ்சல் பழகிய கைக்குச் சில எழுத்துகளின் விசை மட்டும் மாறலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது விடுபட்டுப்போன ஒரு செய்தி. மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா என்று ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, எதையும் நிறுவாமலே அணைத்துவிடலாம். கோப்புகளைத் தொடாமல் லினக்ஸைப் பழக இவ்வளவு நல்ல வழி இருக்க, வழிகாட்டி நேராக 'நிறுவு' பொத்தானுக்கு ஓடுகிறது.

அந்த வரியை இப்படி மாற்றிக் குழுவில் போட்டேன்: "இந்தத் தெரிவு கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை முழுவதும் துடைத்துவிடும். விண்டோஸும் உங்கள் படங்களும் பாடக் கோப்புகளும் திரும்ப வராது. வேண்டியவற்றை முதலில் நகல் எடுங்கள். விண்டோஸும் வேண்டுமென்றால், அதனுடன் சேர்த்து நிறுவும் தெரிவுக்குப் போங்கள்."

முதலில் அந்த மாணவிக்குத்தான் காட்டினேன். கூகிள் வகுப்பறையில் ஏற்றியிருந்த பாட வேலைகள் அவளுக்குக் கிடைத்துவிட்டன. குடும்பப் படங்கள் போனது போனதுதான். படித்துவிட்டுக் கேட்டாள்: "நகல் எங்க எடுக்கணும் டீச்சர்? அதே பென் டிரைவ்லயா?"

மின்ட்டை எழுதும்போது அந்தப் பென் டிரைவில் இருப்பதும் போய்விடும். அதை நானும் எழுதவில்லை. 'வேறொரு பென் டிரைவில்' என்று இப்போது சேர்த்திருக்கிறேன்.