லக்கி டே (இசைத்தொகுப்பு)

லக்கி டே என்பது ஜமைக்காவில் பிறந்த பாப் ரெகே பாடகர் ஷாகி 2002இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். இதற்கு முந்தைய ஹாட் ஷாட் (2000) அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. லக்கி டே 24ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

கேட்டவர்களில் பலர் எதிர்பார்த்தது இன்னொரு "இட் வாசன்ட் மீ". கையும் களவுமாகப் பிடிபட்ட காதலனுக்கு, எல்லாவற்றையும் மறுத்துவிடு என்று நண்பன் யோசனை சொல்லும் பாடல் அது. அந்தக் குறும்பை ரசித்தவர்களுக்கு, பெண்களின் மன உறுதியைப் போற்றும் "ஸ்ட்ரென்த் ஆஃப் எ வுமன்" உபதேசமாகப் பட்டது.

இந்தக் குறை முழுக்க நியாயமானதல்ல. கரகரத்த குரலில், தாளத்தின் மேல் பேசுவதுபோல் பாடுவதே ஷாகியின் பலம். இனிய மெட்டுக்குப் பெரும்பாலும் இன்னொரு குரல் தேவைப்படும். ஹாட் ஷாட்டில் ரிக்ராக், ரேவன் ஆகியோர் அதைத் தந்தனர். இங்கே "ஹே செக்ஸி லேடி"யில் பிரையன், டோனி கோல்டு இணை அந்த வேலையைச் செய்கிறது. ஐரோப்பாவில் அப்பாடல் நன்றாகவே ஓடியது. "ஸ்ட்ரென்த் ஆஃப் எ வுமன்" பாடலில் மெட்டின் சுமையும் ஷாகி மேல்தான். குரலின் எல்லை தெரிகிறது. ஆனாலும் வேடிக்கை வேடத்தைக் கழற்றிய ஷாகியைக் கேட்க, இத்தொகுப்பில் அதுவே சிறந்த பாடல்.