குற்ற அட்டவணையும் நாவலும்: லங்காஷயர் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மாவட்டத்தின் குற்றத்தொகையைப் பிற மாவட்டங்களோடு ஒப்பிட்டு, அதன் மக்களது ஒழுக்கத்தையும் நல்வாழ்வையும் அளவிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேரூன்றியது. ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ (1845) என்ற நூலில் ஏங்கெல்ஸும் இத்தகைய புள்ளிவிபரங்களைக் கையாண்டார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1805இல் 4,605 ஆயிருந்த கைதுகள் 1842இல் 31,309 ஆயின. அவற்றுள் ஏறத்தாழக் காற்பங்கு, ஆலைத்தொழில் பெருகிய லங்காஷயருக்கும் லண்டனை உள்ளடக்கிய மிடில்செக்சுக்கும் உரியது. குடித்தொகையிலோ அவற்றின் பங்கு அத்துணை பெரிதன்று. இவ்வேறுபாட்டை மக்களின் இழிகுணமாகக் கொள்ளாது, உற்பத்தி உறவுகளின் விளைவாகக் கண்டமையே ஏங்கெல்சின் சிறப்பு.

ஆயினும், அட்டவணை எதனை எண்ணுகிறது, எதனை எண்ணாது விடுகிறது என்பதே அடிப்படை வினா. எலிசபெத் காஸ்கெலின் ‘மேரி பார்ட்டன்’ (1848) என்ற நாவல் இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. மான்செஸ்ரர் ஆலைத்தொழிலாளியான ஜோன் பார்ட்டன் வேலையிழந்திருந்தபோது, நோயுற்ற அவனது மகன் ஊட்டமான உணவின்றி மாண்டான். அம்மரணம் எக்குற்றப் பதிவிலும் ஏறாது. பின்னர் அவன் ஆலை முதலாளியொருவரின் மகனைக் கொன்றபோது அது குற்றமாயிற்று. கைதானவனோ நிரபராதியான ஜெம் வில்சன். ஏங்கெல்ஸ் ‘சமூகக் கொலை’ எனச் சுட்டியது முதலாவது மரணம் போன்றவற்றையே.

வர்க்க முரண்பாட்டுக்குக் கிறிஸ்தவ மன்னிப்பில் தீர்வு தேடியமை காஸ்கெலின் வர்க்க எல்லையைக் காட்டுகிறது. எனினும், எண்ணப்படாத மரணத்தையும் எண்ணப்பட்ட கொலையையும் ஒரே காரணத்தொடரில் வைத்த அவரது யதார்த்தம் அவ்வெல்லையைக் கடந்து நிற்கிறது. மாவட்டங்களை ஒப்பிட்டு நல்வாழ்வை அளக்க முற்படுவோர், கைதானோரை மட்டுமன்றி, பட்டினிக்கு இரையானோரையும் எண்ணுதல் வேண்டும்.