பாராமகாலின் மறைமாவட்டம்

தருமபுரி மறைமாவட்டம் 1997 ஜனவரி 24 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. ஆனால் கோவிலூர், எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற ஊர்களின் கத்தோலிக்க மரபு அதற்கு மட்டுமல்ல, தாயான சேலம் மறைமாவட்டத்துக்கே மூத்தது. ஆயர்களின் வரிசையை எழுதிவிட்டு அதையே வரலாறு என்று முடித்துக்கொண்டால், இந்த ஊர்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

இந்தச் சீமையின் பழைய பெயர் பாராமகால். மதுரையிலிருந்து புறப்பட்ட ராபர்ட் டி நொபிலி 1623இல் சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தார். அதற்கு வடக்கே கதை வேறு. 1640களின் இறுதியில் இத்தாலிய இயேசு சபையார் லியோனார்தோ சின்னமி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தருமபுரிப் பகுதியும் மைசூர் அரசர்களின் கைக்குப் போனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்தப் பகுதி மதுரையைவிட மைசூரைப் பார்த்தே வளர்ந்தது என்பது என் எண்ணம். தமிழகக் கிறித்தவத்தைப் பற்றி எழுதுபவர்கள் மதுரை மிஷனோடு நின்றுவிடுவதால் இந்த வடக்கு வாசல் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பிறகு அடி மேல் அடி. 1773இல் இயேசு சபையையே திருத்தந்தை கலைத்தார். ஐதர், திப்பு காலத்துப் போர்களில் படைகள் பாராமகால் கணவாய்களில் ஏறி இறங்கின. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சீமை கம்பெனியிடம் வந்தது. இயேசு சபையார் விட்டுச்சென்ற பணியைப் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் ஏற்றார்கள். 1930இல் புதுச்சேரி, மைசூர், கும்பகோணம் மறைமாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது, முதல் ஆயரான ஹென்றி புருனியேவும் அதே சபையைச் சேர்ந்தவர்தான். எந்தப் பீடத்துக்கும் இந்தச் சீமை கடைக்கோடியாகவே இருந்துவந்தது.

தருமபுரி மணற்காடு அல்ல. ஆனாலும் தண்ணீர் இங்கே தீராத கவலை. மழை பொய்த்தால் கிணறு வற்றும். ஆழ்துளைக் கிணறு போட்டாலோ பல ஊர்களில் ஃபுளோரைடு கலந்த நீர், பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் போக, ஊரில் மிச்சமிருப்பவர்களைக் கொண்டு நடக்கும் பங்குகள் இங்கே உண்டு. ஓசூரில் நேர்மாறு: தொழிற்பேட்டை வந்தபின் வெளியூர்க் கத்தோலிக்கர்கள் வந்து குடியேறினார்கள். ஒரே ஆயரின் கீழ் இப்படி இரண்டு உலகங்கள்.

முதல் ஆயர், சலேசிய சபையின் ஜோசப் அந்தோணி இருதயராஜ், 2012 வரை பொறுப்பில் இருந்தார். ஈராண்டு வெற்றிடத்துக்குப் பின், 2014 ஜனவரியில் லாரன்ஸ் பயஸ் துரைராஜ் சென்னையிலிருந்து வந்தார். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதும் மறைமாவட்டம் பிரியவில்லை. தருமபுரி நகரின் திரு இருதய ஆண்டவர் பேராலயமே இரண்டுக்கும் தலைமைக் கோயில்.

பழைய பங்குகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படித்து இந்த வரலாற்றை எழுத ஆள் வேண்டும். பூச்சி அரிக்கும் முன் அவற்றை நிழற்படமாவது எடுத்து வைக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் யாராவது முன்வந்தால், கோவிலூரில் தொடங்கட்டும்.