பண்ணையாள் ஏன் மன்னிக்க வேண்டும்?

யாங் மோவின் 'இளமையின் கீதம்' சீன நாவலைத் தோழர்கள் கையில் கொடுக்கும்போதே 'ஒரு பெண் போராளியாகிற கதை' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. 1958இல் வெளியான நாவல். கதை 1931இல் தொடங்கி, 1935 டிசம்பர் 9 மாணவர் எழுச்சியில் முடிகிறது.

குடும்பம் நொடித்ததும் லின் தாவோ-சிங்கை அவளுடைய சின்னம்மா ஒரு கோமின்டாங் அதிகாரிக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள். தப்பி ஓடிக் கடலோரக் கிராமத்துக்குப் போனால், அங்கே பள்ளிக்கூடத் தலைமை அவளை மாவட்ட அதிகாரிக்குக் காணிக்கையாக்கத் திட்டம் போடுகிறது. பதவிக்கும் பணத்துக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே சந்தை. ஊழல் என்றால் லஞ்சக் கணக்கு என்று மட்டும் நினைக்கிறவர்கள் இந்த இடங்களைப் படிக்கணும்.

கடலில் விழப் போனவளைக் காப்பாற்றுகிறவன் யூ யுங்-சே, பீகிங் பல்கலைக்கழக மாணவன். கவிதை பேசுவான். அவனோடு வாழப்போகிறாள். அந்தக் காதல் எங்கே முறிகிறது? அவன் அப்பனின் நிலத்தில் குத்தகைக்கு உழுத கிழவர் ஒருவர் உதவி கேட்டு வாசலுக்கு வருகிறார். யூ யுங்-சே அற்பக் காசைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்க்கிறான். அவள் பின்னாலேயே ஓடிப்போய்க் கூடுதலாகக் கொடுக்கிறாள். சண்டை வருகிறது. கொள்கை விவாதமெல்லாம் அப்புறம். வாசலில் நிற்கிறவனை ஒருத்தன் எப்படிப் பார்க்கிறான் என்பதை வைத்து ஒரு பெண் தன் காதலை எடைபோடுகிற இடம் இது. நம்ம முற்போக்குக் காதல் கதைகளில் இப்படி ஒன்று எனக்குத் தட்டுப்படவில்லை.

இந்த இடத்தை எங்கள் தெருவில் ஒரு அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பாதி ஆயுசைக் கவுண்டர் கட்டுத்தரையில் சாணி அள்ளிக் கழித்தவர். "அந்தப் பெரியவரு ஊடு போய்ச் சேந்தாரா கண்ணு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கதை அவள் பின்னால் போகிறதே தவிர அவர் பின்னால் போகவில்லை.

மொழியிலும் ஒரு சிக்கல். சீனத்து உழவனைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது? 'குடியானவர்' என்றால் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் அது கவுண்டரைத்தான் குறிக்கும். எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'விவசாயி' என்றாலும் அதே கதைதான். மொழிபெயர்க்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிலமில்லாதவனுக்குத் தமிழ் வைத்திருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

லின் தாவோ-சிங்கின் அப்பன் நிலப்பிரபு. பெற்றவள் குத்தகைக் குடும்பத்துப் பெண். அவளை வலுக்கட்டாயமாக இழுத்து வந்து வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டார்கள். அதனால் தன் உடம்பில் வெள்ளை எலும்பும் கறுப்பு எலும்பும் இருப்பதாக அவள் சொல்லிக்கொள்கிறாள். அங்கே அந்தக் கறுப்பு எலும்பு பெருமையாகிறது. இங்கே? 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். பத்துப் பேருக்குத் தண்டனை கிடைக்க 2022 மார்ச் ஆனது. இங்கே எலும்பைக் கேட்டுவிட்டுத்தான் பேசவே விடுகிறார்கள்.

1959இல் ஒரு தொழிலாளி, இந்த நாயகி உழைக்கும் மக்களோடு கலக்கவே இல்லை என்று பத்திரிகையில் எழுதினார். பெரிய விவாதமானது. யாங் மோ திருத்தி எழுதி, கிராமத்து அத்தியாயங்களைச் சேர்த்து 1960இல் புதிய பதிப்புக் கொண்டுவந்தார். அவை ஒட்டுப்போட்டவை, கலை கெட்டுவிட்டது என்பார்கள் இலக்கியவாதிகள். எனக்கு நாவலில் மிகவும் வேண்டியதே அதுதான். அங்கே ஒரு பண்ணையாள் வருகிறார். அவர் குடும்பத்தை நாசம் செய்தவன் இவள் அப்பன். இவள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அவர் மனசு இறங்குவதில்லை. அப்பன் செய்ததற்கு மகள் என்ன செய்வாள் என்று கேட்கலாம். ஆனால் அந்த மௌனம் அவர் சொத்து. அதைக் கொஞ்ச நாளாவது வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

யாங் மோ அதை அனுமதிக்கவில்லை. சீக்கிரமே அவர் மனம் மாறுகிறார், நாயகி தேறிவிடுகிறாள், கதை மறுபடி நகரத்துக்குப் போய்விடுகிறது. அவருடைய மன்னிப்பு அவளுக்கு ஒரு தேர்ச்சிச் சான்றிதழ்! அத்தையிடம் இதையும் சொன்னேன். "அவ கேட்டான்னா இவரு குடுத்துடறதா?" என்றார்.