அறுபது நொடிப் பாடம்

ஓமலூரிலிருந்து மேட்டூர் சாலையில் போகிறவர், மேச்சேரி வருவதற்குள் ஒரு மந்தைக்காவது வண்டியை நிறுத்தி வழிவிட்டிருப்பார். செம்பழுப்பாக, ரோமம் குட்டையாக மேச்சேரிச் செம்மறி. நடுநடுவே முழுக் கருப்பில் சேலம் கருப்பு வெள்ளாடு. பின்னால் வருகிறவர் பல நேரம் ஒரு பெண்ணாக இருப்பார். தலையில் துண்டு, கையில் தொரட்டி, இடுப்புச் செருகலில் செல்போன். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வீடு. இவருக்கு ஆடு வளர்ப்பில் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால் எங்கே உட்கார வைப்பது? கண் ஆட்டின் மேல் இருக்கிறது, கை தொரட்டியில் இருக்கிறது. மிச்சம் காது மட்டும்தான்.

அந்தக் காதுக்காகப் பாடம் எழுதுவது ஒரு கலை. நம் ஊரில் அதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2000களின் இறுதியில், தேனி மாவட்டத்தில், காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற சர்வதேச அமைப்பும் ‘விடியல்’ என்ற உள்ளூர் அமைப்பும் சேர்ந்து ஆடு வளர்க்கும் பெண்களுக்காக ஒரு திட்டம் நடத்தின. வங்கிக் கடன் ஆடு வாங்க மட்டும் கொடுக்கப்படவில்லை. செல்போன் வாங்கவும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பெட்டை ஆடுகள், ஒரு கிடா, ஒரு செல்போன் என்று கடன் கணக்கிலேயே போனும் தொழில்கருவியாக எழுதப்பட்டது. இஃப்கோவும் ஏர்டெலும் கூட்டாக நடத்திய இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனத்தின் வழியாக, ஒரு நிமிடக் குரல் பாடங்கள் அந்தப் போன்களுக்குப் போயின. ஸ்மார்ட்போன் கிராமத்துக்கு வராத காலம். படம் கிடையாது, எழுத்து கிடையாது. மேய்ச்சல் காட்டில் போன் அடிக்கும், எடுத்துக் காதில் வைத்தால் ஒரு குரல் பேசும், அறுபது நொடியில் முடிந்துவிடும்.

அறுபது நொடி என்பது தமிழில் நிதானமாகப் பேசினால் நூறு சொல்லுக்குப் பக்கம். அந்த நூறு சொல்லுக்குள் என்ன வைப்பது, எதை விடுவது என்பதில்தான் எனக்கு இந்தக் கலை மேல் தீராத பிரியம். ஒரு மணிநேரப் பேச்சைப் பன்னிரண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புப் போட்டு, கடைசியில் யாரும் தவறவிட முடியாத ஒரு கேள்வியை ஒட்டிவிட்டு, அதைக் ‘குறும்பாடம்’ என்று கம்பெனிகள் ஊழியர்களுக்கு அனுப்புவதைப் பார்க்கிறோம். அது பாடத்தின் துண்டு. நல்ல குறும்பாடம் துண்டாக இருக்காது; தென்னங்குரும்பை போலச் சிறிசானாலும் தன்னளவில் முழுசாக இருக்கும். கேட்டவர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், அல்லது மறுநாள் காலைக்குள், தன் கையால் ஒரு காரியம் செய்து முடிக்க வேண்டும். அதுதான் அதன் அளவு. நிமிடக் கணக்கு அதற்குப் பிறகு வருகிறது.

பேச்சாகச் சொல்வதைவிட ஒன்றை எழுதிப் பார்த்துவிடலாம். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பெரிய எதிரி, இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் குடற்புழு. ரத்தம் குறைந்தால் கண்ணின் கீழ் இமை உள்பக்கம் வெளுக்கும். இதை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற நிற அட்டையை உருவாக்கினார்கள். கருஞ்சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறம்; ஆட்டின் இமையை அட்டையோடு ஒத்துப் பார்த்து, மருந்து தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள காரணம். அந்த அட்டையே உலகின் மிக நல்ல குறும்பாடங்களில் ஒன்று என்பது என் எண்ணம். சட்டைப் பையில் அடங்கும், படிக்கத் தெரியாதவருக்கும் பேசும். ஆனால் நம்மிடம் இருப்பது வெறும் குரல். நிறத்தைக் குரலில் சொல்ல வேண்டும். எழுதினால் இப்படி வரும்:

“அக்கா, நாளைக்குக் காலையில ஆட்டை மேய்க்க ஓட்டறதுக்கு முன்னால ஒரே ஒரு வேலை. பட்டியை விட்டு வெயிலுக்கு வந்ததும் ஒரு ஆட்டைப் பிடிங்க. கட்டைவிரலை மேல் இமை மேல வெச்சுக் கண்ணை மூடுங்க. லேசா அழுத்துங்க. இன்னொரு கட்டைவிரலால கீழ் இமையைக் கீழ இறக்குங்க. உள்பக்கம் தெரியும். என்ன நிறம்? நல்ல சிவப்பா இருந்தா பயமில்லை. வெளுத்துக் கிடந்தா, ரத்தம் குடிக்கிற புழு இருக்கலாம். அந்த ஆட்டுக்கு ஒரு அடையாளம் போட்டு வைங்க. என்ன மருந்து, எவ்வளவுன்னு டாக்டர்கிட்டக் கேட்டுக் கொடுங்க. எத்தனை ஆட்டுக்கு இமை வெளுத்திருக்குன்னு எண்ணி வைங்க, நாளன்னைக்குக் கேட்பேன்.”

வாய்விட்டுப் படித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும், மூச்சு வாங்கவும் இடம் இருக்கும். இதில் விடப்பட்டவை நிறைய. புழுவின் பெயர் இல்லை. முட்டை புழுக்கையில் பொரித்து, புல் வழியாக மறுபடி ஆட்டுக்குள் போகும் சுழற்சி இல்லை. மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது, எடை தெரியாமல் காதில் ஓர் அளவைச் சொல்வது ஆபத்து. ஐந்து நிறம் இரண்டாகிவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டால் அவருக்கு மனசு கேட்காது. இமை வெளுக்க வேறு காரணங்களும் உண்டு என்பார். அது உண்மைதான். அதற்காகத்தான் ‘இருக்கலாம்’ என்ற சொல் அங்கே நிற்கிறது, அடுத்த வாக்கியத்தில் டாக்டர் நிற்கிறார். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடும் ஆசையை அடக்குவது நிபுணருக்குப் பெரிய சிரமம். நல்ல பாடம் எழுதுகிறவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி ஓரமாக வைப்பார்.

எனக்கு அதில் மிகப் பிடித்த இடம் ‘வெயிலுக்கு வந்ததும்’ என்ற இரண்டு சொல். பட்டிக்குள் இருட்டில் பார்த்தால் எந்த இமையும் ஒரே நிறமாகத்தான் தெரியும். பல வருடம் ஆடு பார்த்தவருக்கு இது கைப்பழக்கம். கேட்டால்கூடச் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை அவசரமாகத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தபோது, ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் வேலையின் படிகளை எழுது, வலப்பக்கம் ஒவ்வொரு படியிலும் வேலையை ஆக்கவோ கெடுக்கவோ கூடிய நுணுக்கத்தை எழுது என்றார்கள். இடப்பக்கம் யாரும் எழுதிவிடலாம். வலப்பக்கம் எழுத, வேலை தெரிந்தவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘வெயிலுக்கு வந்ததும்’ வலப்பக்கத்துச் சரக்கு. அப்படி ஒன்றாவது இல்லாத பாடத்தை அனுப்பாமலே இருக்கலாம்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பயனாளிகளே’ என்று ஆரம்பித்தால் அந்த நொடியே காது மூடிக்கொள்ளும். ‘அக்கா’ என்று தெரிந்த வழக்கில், தெரிந்த ஏற்ற இறக்கத்தில் கூப்பிட்டால் நின்று கேட்பார்கள். டிஜிட்டல் கிரீன் அமைப்பு, 2006 வாக்கில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு முயற்சியாகத் தொடங்கியபோதே இதைப் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய சிறு வீடியோக்களில் பேசுவது விஞ்ஞானி அல்ல, பக்கத்து ஊர் விவசாயி. திரையிடும்போது உள்ளூர்க்காரர் ஒருவர் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார். நம் பக்கம் இதற்கு முந்தைய உதாரணமே இருக்கிறது. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுத் தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள்; அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. பேசியவர்களின் குரலில் இருந்த நெருக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

வீடியோ வந்தபிறகு பலர் செய்வது, திரையில் கையும் ஓடும், பின்னணியில் குரலும் ஓடும், அதே வாசகம் எழுத்தாகவும் ஓடும். மூன்றில் ஒன்று அதிகம். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் சோதித்துச் சொன்னது இதுதான்: படத்தோடு குரல் இருந்தால் மனம் நன்றாக வாங்கிக்கொள்கிறது, அதே சொற்களை எழுத்தாகவும் ஓடவிட்டால் கண் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அலைகிறது. இமைப் பாடத்தை வீடியோவாக எடுத்தால் நான் கீழ் இமை இறங்கும் நேரத்தில் குரலையே நிறுத்திவிடுவேன். ஐந்து நொடி, அந்த நிறம் மட்டும் தெரியட்டும். பாடத்தில் மௌனமும் ஒரு வாக்கியம்தான், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசி வரியில் இருக்கும் ‘நாளன்னைக்குக் கேட்பேன்’ என்பதை மரியாதைக்காகச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885இல் தன் மனத்தையே சோதனைக்கூடமாக்கி, கற்றது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்று காட்டினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த ஆய்வில், படித்ததையே மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை நினைவுபடுத்திச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எனவே அந்தக் கேள்வி பாடத்தின் சரிபாதி. அதுவும் ‘கீழ் இமை வெளுத்தால் என்ன அர்த்தம்? அ, ஆ, இ’ என்று கேட்கக்கூடாது. உங்கள் பட்டியில் எத்தனை என்று கேட்க வேண்டும். எண்ணாமல் பதில் சொல்ல முடியாது. எண்ண வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆட்டின் இமையையும் இறக்கிப் பார்த்தாக வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதும் எழுத்துக்குச் சமமான வேலை. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கிடா சேர்த்த தேதியை அந்தப் பெண் போனில் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். 140ஆம் நாளில் குட்டி போடும் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லும் பாடம், அடுத்த இரண்டொரு நாளில் தொப்புள்கொடிக்கு டிங்ச்சர் அயோடின் வைப்பது, பிறகு பிறந்த ஒரு மணிநேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பது என்று வரிசையாக வரலாம். சீம்பால் பாடத்தை வருடத்தின் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டால் அது பொது அறிவு. ஆடு வலியெடுத்து நிற்கும் வாரத்தில் கேட்டால் ஒரு குட்டியின் உயிர். மழைக்காலத்துக்கு முன்னால் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியை நினைவுபடுத்துவதும் இப்படித்தான். ஆனால் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டால் அதற்கு அறுபது நொடிப் பாடம் கிடையாது. டாக்டரைக் கூப்பிடுங்கள் என்பது மட்டுமே பாடம். எதைச் சுருக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலின் ஞானம்.

நம் பக்கம் இதற்கு ஆள் தேவைப்படும் இடங்கள் எத்தனையோ. நாமக்கல் கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடுகிறவர், தாரமங்கலம் விசைத்தறியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வட மாநிலத்தில் கிடக்கும் பையன். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, யாருக்கும் வகுப்பில் உட்கார நேரம் இல்லை. ஆடு வளர்ப்புக்கோ அறிவு பக்கத்திலேயே கிடக்கிறது. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததையும், மந்தை ஓட்டும் அக்காவின் கைப்பழக்கத்தையும் ஒரே தாளின் இரண்டு பத்தியில் எழுத ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

அப்படி உட்காருகிறவருக்கு இரண்டாம் நாள் பாடம்தான் சோதனை. முதல் நாள் சிவப்பும் வெளுப்பும் சொல்லியாயிற்று. நடுவில் இருக்கும் இளஞ்சிவப்பை என்ன செய்வது? குரலில் இளஞ்சிவப்பைக் காட்ட முடியாது. ‘ரோஜா நிறம்’ என்றால் யாருடைய ரோஜா? நான் எழுதினால், நிறத்துக்குப் பெயரே சொல்ல மாட்டேன். “உங்க பட்டியில நல்லா மேஞ்சு, நல்லாக் கொழுத்து நிக்கிற ஆட்டை ஒரு கையில பிடிங்க, சந்தேகமா இருக்கறதைப் பக்கத்துல நிறுத்துங்க, ரெண்டு இமையையும் ஒண்ணா இறக்கிப் பாருங்க.” அட்டை கையில் இல்லாதவருக்கு அவருடைய நல்ல ஆடே அட்டை. ரெண்டும் ஒன்றுபோல இருந்தால் விட்டுவிடலாம், சிவப்பு ஒரு படி குறைவாகத் தெரிந்தால் பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பத்தாம் நாள் காலை போன் அடிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்து வைத்துவிட வேண்டும்.